பயோசென்சர் கோட்டிங்: ஒட்டுற இடமும் ஒட்டாத இடமும்

சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப், ப்ரெக்னன்சி கிட், கையில ஒட்டிக்கிட்டு ரெண்டு வாரம் வரைக்கும் சுத்துற குளுக்கோஸ் சென்சர், இதெல்லாம் பயோசென்சர்னு இப்போ நிறைய பேருக்கு தெரியும். ஆனா இதைப் பத்தி பேச்சு வந்தாலே "உள்ள ஒரு சிப் இருக்கு, மேல நானோ கோட்டிங் போட்டிருக்காங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடுறாங்க. கோட்டிங்னா ஏதோ செவுத்துக்கு பெயின்ட் அடிக்கிற மாதிரி, பாதுகாப்புக்காக கடைசியில பூசுறதுன்னு ஒரு நினைப்பு. அது தப்பு. ரொம்ப சின்ன கரண்டை அளக்கிற சர்க்யூட் எல்லாம் இன்னைக்கு சுலபமா கிடைக்குது, ஆராய்ச்சி பண்றவங்க வருஷக்கணக்கா மல்லுக்கட்டிட்டு இருக்கிறது அந்த மேல் பூச்சோடதான். அதுலயும் எங்க எது ஒட்டணுங்கிறதை விட, எங்க எதுவுமே ஒட்டக்கூடாதுங்கிறதுதான் பெரிய வேலை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டா மத்ததெல்லாம் வரிசையா புரிஞ்சிடும், அதனால அடியில இருந்து போவோம், கெமிஸ்ட்ரி படிச்சிருக்கணும்னு அவசியமில்ல.

## முதல்ல, பயோசென்சர்னா என்ன

தெர்மாமீட்டர் உடம்போட சூட்டை அளக்குது, ஆனா அது பயோசென்சர் கிடையாது. பயோசென்சர்ல ரெண்டு பகுதி இருக்கணும். ஒண்ணு, உயிர்கள்கிட்ட இருந்து எடுத்த ஒரு மூலக்கூறு, அது நாம தேடுற பொருளை மட்டும் அடையாளம் கண்டுபிடிக்கும். இன்னொண்ணு, அந்த "கண்டுபிடிச்சிட்டேன்"ங்கிறதை கரண்டாவோ வெளிச்சமாவோ கலராவோ மாத்துற பகுதி.

அடையாளம் காட்டுற வேலைக்கு ரெண்டு பேர் அடிக்கடி வருவாங்க. ஒருத்தர் என்சைம், அதாவது ஒரு குறிப்பிட்ட பொருளை பிடிச்சு வேற பொருளா மாத்தி விடுற புரோட்டீன். இன்னொருத்தர் ஆன்டிபாடி, ஒரு குறிப்பிட்ட பொருளை இறுக்கி பிடிச்சுக்கிற, ஒய் எழுத்து மாதிரி வடிவமுள்ள புரோட்டீன். என்சைம் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும், ஆன்டிபாடி பிடிச்சா பிடிச்சதுதான். இப்போதைக்கு இந்த வித்தியாசம் போதும்.

இந்த யோசனை புதுசு இல்ல. 1962-லயே லேலண்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸ்னு ரெண்டு பேர், குளுக்கோஸை மாத்துற ஒரு என்சைமை எலக்ட்ரோடு பக்கத்துல ஒரு மெல்லிய சவ்வுக்குள்ள அடைச்சு வச்சா ரத்தத்துல இருக்கிற குளுக்கோஸை அளக்கலாம்னு எழுதினாங்க. எலக்ட்ரோடுன்னா கரண்டை உள்ள வெளிய கொண்டு போற ஒரு கடத்துற பரப்பு, அவ்வளவுதான். கவனிச்சீங்கன்னா, அந்த முதல் யோசனையிலயே சவ்வு, அதாவது ஒரு லேயர், இருக்கு. கோட்டிங் பின்னாடி வந்து சேர்ந்தது இல்ல, ஆரம்பத்துல இருந்தே சென்சரோட உடம்பே அதுதான்.

## ரத்தம் தண்ணி மாதிரி இல்ல

நிறைய பேர் மனசுல இருக்கிற படம் இப்படி: ஒரு சொட்டு ரத்தம் விடுறோம், தேடுற பொருள் நீந்திக்கிட்டு வந்து ஆன்டிபாடிகிட்ட மாட்டுது, சிக்னல் வருது. இதுல தேடாத பொருட்களையே காணோம், அதுதான் பிரச்சனை.

மாரடைப்பை கண்டுபிடிக்க டாக்டருங்க பார்க்கிற ட்ரோபோனின்ங்கிற புரோட்டீனை எடுத்துக்குவோம். இதய தசை அடிபட்டா இது ரத்தத்துல கசியும். இதுல ட்ரோபோனின் டி-னு ஒரு வகை இருக்கு, அதுக்கான நுட்பமான டெஸ்ட்ல ஒரு லிட்டருக்கு 14 நானோகிராமை தாண்டினா கவனிக்கணும்னு வச்சிருக்காங்க. நானோகிராம்னா ஒரு கிராமை 100 கோடி பங்கா போட்டா அதுல ஒரு பங்கு. அதே ஒரு லிட்டர் சீரம்ல, அதாவது ரத்தம் உறைஞ்ச அப்புறம் மிஞ்சுற தெளிவான திரவத்துல, ஆல்புமின்ங்கிற இன்னொரு புரோட்டீன் கிட்டத்தட்ட 40 கிராம் இருக்கு. எடையில பார்த்தா ஒரு பங்கு ட்ரோபோனினுக்கு ஏறக்குறைய 300 கோடி பங்கு ஆல்புமின். உலகத்து மொத்த ஜனத்தையும் ஒரே மைதானத்துல நிக்க வச்சு அதுல ரெண்டு மூணு பேரை மட்டும் கண்டுபிடின்னு சொல்ற மாதிரி, அதுவும் அந்த கூட்டம் மொத்தமும் வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கும்போது.

ஆல்புமின் சும்மாவும் இருக்காது. புரோட்டீன்களுக்கு பரப்புன்னு ஒண்ணு கிடைச்சா ஒட்டிக்கிற குணம் உண்டு, பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ உலோகமோ எதுவா இருந்தாலும் சில நொடிகள்லயே ஒரு படலமா படிஞ்சிடும். தேடாத பொருள் வந்து பரப்புல ஒட்டிக்கிறதுக்கு நான்-ஸ்பெசிஃபிக் பைண்டிங்னு பேர், நாம இனிமே வேண்டாத ஒட்டல்னே வச்சுக்குவோம். இது ரெண்டு விதமா கெடுக்கும். தேடுற பொருள் உட்கார வேண்டிய இடத்தை அடைச்சிடும், அப்போ ரிசல்ட் குறைச்சலா காட்டும். இல்லைன்னா ஒட்டினதே சிக்னல் மாதிரி தெரிஞ்சு, இல்லாத வியாதி இருக்கிற மாதிரி காட்டும். நோயாளிக்கு ரெண்டுமே ஆபத்து.

இதுல லியோ வ்ரோமன்னு ஒரு விஞ்ஞானி பார்த்த விஷயம் ஒண்ணு இருக்கு, அவர் பேர்லயே வ்ரோமன் எஃபெக்ட்னு சொல்றாங்க. காலியான பஸ் வந்து நின்னா கதவு பக்கத்துல இருக்கிறவங்க முதல்ல ஏறி உட்கார்ந்திடுவாங்க, அப்புறம் பின்னாடி இருந்து சீட் உரிமையோட வர்றவங்க அவங்களை எழுப்பி விட்டுட்டு உட்காருவாங்க இல்லையா, அதே கதைதான் பரப்பு மேல நடக்குது. எண்ணிக்கையில அதிகமா, வேகமா நகர்ற ஆல்புமின் மாதிரி புரோட்டீன் முதல்ல ஒட்டும், அப்புறம் ஃபைப்ரினோஜன் மாதிரி பெருசா, பரப்போட பிடிப்பு ஜாஸ்தியா இருக்கிறது வந்து அதை தள்ளி விடும். அதாவது பரப்பு மேல இருக்கிற கூட்டம் நிமிஷத்துக்கு நிமிஷம் ஆள் மாறிக்கிட்டே இருக்கு. ஒரு தடவை அளந்து "இவ்வளவு வேண்டாதது ஒட்டியிருக்கு, இதை கழிச்சுக்கலாம்"னு சுலபமா கணக்கு போட முடியாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரைக்கும் பார்த்தது: பயோசென்சர்ல அடையாளம் காட்டுற ஒரு மூலக்கூறு இருக்கு, அதை சிக்னலா மாத்துற பகுதி இருக்கு. ரத்தத்துல நாம தேடுறது கொஞ்சூண்டு, தேடாதது ஏராளம், அந்த தேடாதது எல்லாமே பரப்புல ஒட்டப் பார்க்கும்.

## தாமரை இலை உதாரணம் இங்க ஏன் உதவாது

"ஒட்டக்கூடாது"ன்னு சொன்னதும் நம்ம எல்லாருக்கும் தாமரை இலைத் தண்ணிதான் ஞாபகம் வரும். பட்டும் படாமலும்னு பேச்சுலயே வச்சிருக்கோம். தாமரை இலை ஏன் அப்படி இருக்குங்கிறதை பார்த்லாட், நைன்ஹூயிஸ்னு ரெண்டு தாவரவியல்காரங்க 1997-ல நல்லா விளக்கினாங்க: இலை மேல கண்ணுக்கு தெரியாத குட்டி குட்டி மேடு, அது மேல மெழுகு, நடுவுல காத்து. தண்ணி சொட்டு அந்த காத்து மெத்தை மேல உருண்டு ஓடிடுது, போகும்போது தூசியையும் எடுத்துட்டு போயிடுது.

அதனால பயோசென்சருக்கும் தண்ணியை விரட்டுற கோட்டிங் போட்டா புரோட்டீன் ஒட்டாதுன்னு நினைக்கத் தோணும். நான் பார்த்ததுலயே ரொம்ப பரவலான தப்பு இதுதான், நல்லா படிச்சவங்களே சொல்லி கேட்டிருக்கேன். உண்மை பெரும்பாலும் நேர் எதிர். தண்ணியை வெறுக்கிற வழவழப்பான பரப்புல புரோட்டீன் இன்னும் நல்லா ஒட்டும். ஏன்னா புரோட்டீனுக்கு உள்ளயும் தண்ணி பிடிக்காத பகுதிகள் மடிஞ்சு ஒளிஞ்சிருக்கும், அதே மாதிரி தண்ணி பிடிக்காத ஒரு பரப்பு கிடைச்சா புரோட்டீன் மடிப்பு பிரிஞ்சு அந்த பகுதியால அப்பிக்கும். லேப்ல ஆன்டிபாடியை வேணும்னே ஒட்ட வைக்க பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தட்டை பயன்படுத்துறது இந்த குணத்தை நம்பித்தான். தாமரை இலையோட காத்து மெத்தை கூட ரத்தத்துக்குள்ளயே மூழ்கி கிடந்தா ரொம்ப நேரம் தாங்காது.

அப்போ எது வேலை செய்யும்? தண்ணியை ரொம்ப ரொம்ப விரும்புற பரப்பு. பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமா பெக்னு ஒரு பாலிமர் இருக்கு. பாலிமர்னா ஒரே மாதிரி சின்ன துண்டுகள் சங்கிலியா கோர்த்த நீளமான மூலக்கூறு. இந்த பெக் சங்கிலிகளை பரப்பு மேல புல்லு மாதிரி நெருக்கமா நட்டு வச்சா, ஒவ்வொரு சங்கிலியும் தண்ணி மூலக்கூறுகளை இழுத்து வச்சுக்கும். புரோட்டீன் கிட்ட வரணும்னா அந்த தண்ணியை வெளிய தள்ளணும், சங்கிலிகளை நசுக்கணும், அதுக்கு சக்தி செலவாகும், அந்த செலவுக்கு ஈடா எந்த லாபமும் இல்லாததால வந்த வழியே போயிடும். ஒரு வரியில சொன்னா, தண்ணியாலேயே கட்டின மதில்.

இன்னொரு வழி ஸ்விட்டர்அயான் வகை பாலிமர். ஒரே மூலக்கூறுல பிளஸ் சார்ஜும் மைனஸ் சார்ஜும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதுக்கு அந்த பேர், மொத்தத்துல கூட்டினா சார்ஜ் பூஜ்யம், ஆனா தண்ணியை அப்படி கெட்டியா பிடிச்சுக்கும். நம்ம செல்களோட வெளிச்சவ்வுலயே இந்த வகை மூலக்கூறு நிறைய இருக்கு. ரொம்ப சுலபமான மூணாவது வழியும் உண்டு, பரப்பு மேல முன்கூட்டியே ஆல்புமினையே ஊத்தி எல்லா காலி இடத்தையும் நிரப்பிடுறது, அப்புறம் வர்றதுக்கு இடம் இருக்காது. லேப்ல இதை பிளாக்கிங்னு சொல்லுவாங்க. கச்சிதமான வழின்னு சொல்ல முடியாது, ஆனா இன்னைக்கும் எக்கச்சக்கமான டெஸ்ட் கிட்டுக்குள்ள இதுதான் நடக்குது.

## சரி, பேட்டர்ன் எதுக்கு

இப்போ நம்ம கையில ரெண்டு பூச்சு இருக்கு. ஒண்ணு பிடிக்கிற பூச்சு, இன்னொண்ணு விரட்டுற பூச்சு. இது ரெண்டையும் ஒரே பரப்புல எந்த இடத்துல எது வரணும்னு வரைஞ்சு வைக்கிறதுதான் பேட்டர்ன் கோட்டிங். அலங்காரமும் இல்ல, சர்க்யூட் படமும் இல்ல.

ப்ரெக்னன்சி கிட்டை எடுங்க, உலகத்துலயே அதிகம் பேர் கண்ணால பார்த்த பேட்டர்ன் அதுவாதான் இருக்கும். உள்ள நைட்ரோசெல்லுலோஸ்னு ஒரு வெள்ளை சவ்வு, அது மேல குறுக்கால ரெண்டு மெல்லிசு கோடா ஆன்டிபாடியை வச்சு காய வச்சிருப்பாங்க, அது அப்போ கண்ணுக்கு தெரியாது. சிறுநீர் சவ்வு வழியா ஏறி வரும்போது வழியில காய்ஞ்சு கிடக்கிற கலர் துகள்களை கரைச்சு கூட்டிக்கிட்டு வரும், பல கிட்ல அது தங்க நானோ துகள், தங்கம் அவ்வளவு சின்னதா ஆகும்போது சிவப்பா தெரியும். இந்த துகள் மேலயும் ஆன்டிபாடி இருக்கு, அது எச்சிஜிங்கிற கர்ப்ப கால ஹார்மோனை ஒரு பக்கம் பிடிச்சுக்கும். முதல் கோட்டுல இருக்கிற ஆன்டிபாடி அதே ஹார்மோனை இன்னொரு பக்கம் பிடிச்சுக்கும். ஹார்மோன் இருந்தா துகள் அங்க மாட்டும், கோடு தெரியும். ரெண்டாவது கோடு ஹார்மோனை பார்க்காது, துகள் மேல இருக்கிற ஆன்டிபாடியையே நேரா பிடிச்சுக்கும், அதனால அது எப்பவும் தெரியணும், தெரியலைன்னா கிட் வேலை செய்யலைன்னு அர்த்தம்.

இப்போ அதே ஆன்டிபாடியை கோடா போடாம சவ்வு முழுக்க பூசியிருந்தா? மொத்தமும் லேசா ரோஸ் கலரா ஆகும், அது ரிசல்ட்டா அழுக்கான்னு யாராலயும் சொல்ல முடியாது. கோடு தெரியறது கோட்டால மட்டும் இல்ல, பக்கத்துல வெள்ளையா இருக்கிற இடத்தாலதான். அந்த வெள்ளை இடம் சும்மா விட்ட இடம் இல்ல, துகள் ஒட்டாம இருக்க பிளாக்கிங் பண்ணி பக்குவப்படுத்தின இடம். இந்தத் துறையில எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இதுதான், காலியா தெரியற இடத்துக்குத்தான் நிறைய உழைப்பு போயிருக்கு.

சுகர் ஸ்ட்ரிப்ல பேட்டர்ன் வேற வேலை செய்யுது. முனையில ரத்தத்தை வச்சா தானா உள்ள இழுத்துக்குதே, அது தண்ணியை விரும்புற பூச்சு போட்ட குட்டி வாய்க்கால், பல ஸ்ட்ரிப்புக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தமே போதும், அதாவது ஒரு மில்லியை ஆயிரம் பங்கா போட்டா அதுல ஒரு பங்கை விட கம்மி. வாய்க்காலுக்கு அடியில எலக்ட்ரோடுகள், அதுல ஒண்ணு மேல என்சைம். என்சைம் குளுக்கோஸ்ல இருந்து எலக்ட்ரானை எடுக்கும், அது எலக்ட்ரோடுக்கு போய் கரண்டா மாறும். இதுல முக்கியமான கணக்கு என்னன்னா கரண்டு எலக்ட்ரோடோட பரப்பளவை பொறுத்தது. பிரிண்ட் பண்ணும்போது 10 சதவீதம் பெருசா விழுந்துட்டா கரண்டும் கிட்டத்தட்ட 10 சதவீதம் ஏறிடும். வீட்டு குளுக்கோஸ் மீட்டருக்கான ஐஎஸ்ஓ 15197 ங்கிற சர்வதேச தரம், 100 மில்லி ரத்தத்துல குளுக்கோஸ் 100 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ இருந்தா 95 சதவீத ரிசல்ட் சரியான மதிப்புல இருந்து 15 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு சொல்லுது. மொத்தமே 15 தான் கையில இருக்கு, அதுல ஓரம் நேரா விழாததுக்கே 10 போயிட்டா மிச்சத்துக்கு என்ன பண்றது? அதனாலதான் ஓரம் எவ்வளவு நேரா விழுதுங்கிறது உயிர் போற விஷயம்.

மூணாவது வகையில இடமே பேர் ஆயிடுது. ஒரு கண்ணாடித் துண்டு மேல ஆயிரக்கணக்கான புள்ளி வச்சு, ஒவ்வொரு புள்ளியிலயும் வேற வேற டிஎன்ஏ துண்டை ஒட்டி வச்சிடுவாங்க. எந்த புள்ளி ஒளிருதோ அதை வச்சு எந்த ஜீன் செயல்படுதுன்னு படிச்சிடலாம். 1995-ல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல பேட்ரிக் பிரவுன் குழு இப்படி புள்ளி வச்ச மைக்ரோஅரேவை பத்தி எழுதினப்போ ஜீன் ஆராய்ச்சி வேகமே மாறிடுச்சு. ஒரு புள்ளி பக்கத்து புள்ளிக்குள்ள வழிஞ்சா மொத்த படிப்பும் தப்பு.

சுருக்கமா: பேட்டர்னுக்கு மூணு வேலை. பிடிக்கிற இடத்தையும் விரட்டுற இடத்தையும் பிரிச்சு காட்டுறது, அளவை ஒரே மாதிரி வைக்கிறது, எது எங்க இருக்குன்னு விலாசம் குடுக்கிறது.

## எப்படி வரையறாங்க

ரொம்ப பழைய வழி மறைச்சு பூசுறது. செவுத்துல டேப் ஒட்டிட்டு பெயின்ட் அடிச்சு டேப்பை உரிச்சா நேர் கோடு வர்ற மாதிரி. டேப்புக்கு பதிலா ஒளி பட்டா குணம் மாறுற ஒரு பிசினை பூசி, ஓட்டை போட்ட ஒரு மறைப்பு வழியா புற ஊதா ஒளியை அடிச்சு, வேண்டாத இடத்து பிசினை கழுவி விடுவாங்க, கம்ப்யூட்டர் சிப்பு செய்யறதும் இதே வழிதான், ஃபோட்டோலித்தோகிராஃபின்னு பேர். ரொம்ப துல்லியம், ஆனா அதுல வர்ற கரைப்பான்களும் சூடும் என்சைமையும் ஆன்டிபாடியையும் கெடுத்துடும், அதனால பெரும்பாலும் எலக்ட்ரோடை இப்படி வரைஞ்சிட்டு உயிர்ப்பொருளை அப்புறமா வேற வழியில வைப்பாங்க.

ரெண்டாவது ரப்பர் ஸ்டாம்ப். இதுக்கு முன்னாடி ஒரு சின்ன கதை தெரியணும். 1983-ல பெல் லேப்ஸ்ல ரால்ஃப் நுஸ்ஸோ, டேவிட் அல்லாரா ரெண்டு பேரும் கந்தகம் இருக்கிற மூலக்கூறுகளை தங்கத்து மேல விட்டப்போ, கந்தகம் தங்கத்தை பிடிச்சுக்கிட்டு, மிச்ச உடம்பு எல்லாம் மேல நோக்கி, வயல்ல நாத்து நட்ட மாதிரி தானா வரிசையா நிக்கிறதை காட்டினாங்க. யாரும் அடுக்கல, அதுவே அடுக்கிக்குது, ஒரே ஒரு மூலக்கூறு உயரத்துக்கு மட்டும். செல்ஃப் அசெம்பிள்ட் மோனோலேயர்னு பேர். தடிப்பு சில நானோமீட்டர்தான், தலைமுடியோட தடிப்புல பல ஆயிரத்துல ஒரு பங்கு. இதோட அழகு என்னன்னா கால் கந்தகம், தலையில என்ன வேணும்னாலும் வச்சுக்கலாம். தலையில பெக் வச்சா விரட்டும், புரோட்டீன் பிடிக்கிற கொக்கி வச்சா பிடிக்கும்.

இதை வச்சு 1993-ல ஹார்வர்டுல அமித் குமாரும் ஜார்ஜ் வைட்சைட்ஸும் ஒரு சிலிக்கோன் ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு, அதுல இந்த மூலக்கூறை மையா தொட்டு தங்கத்து மேல குத்தினாங்க. குத்தின இடத்துல மட்டும் லேயர் வந்துச்சு. அப்புறம் இதே வழியில, குத்தாத இடத்தை பெக் தலை வச்ச மூலக்கூறால நிரப்பினா, புரோட்டீன் கரைசலை மேல ஊத்தும்போது ஸ்டாம்ப் பட்ட இடத்துல மட்டும் ஒட்டும்னு காட்டினாங்க. முடியை விட மெல்லிசான கோடுகளை ஒரு ரப்பர் துண்டை வச்சு வரையறாங்கன்னு முதல் தடவை படிக்கும்போது எனக்கு நம்பவே முடியல. ஆனா ரப்பர் அமுங்கும், தொய்யும், மை பரவும், அதனால லேப்ல அழகா வர்றது தொழிற்சாலையில லட்சக்கணக்குல ஒரே மாதிரி வர்றது கஷ்டம்.

மூணாவது சொட்டு போடுறது. இங்க்ஜெட் பிரிண்டர் மாதிரி ஊசி முனையில இருந்து ரொம்ப குட்டி சொட்டுகளா ஆன்டிபாடி கரைசலை வேண்டிய இடத்துல போட்டுக்கிட்டே போறது. மறைப்பு வேண்டாம், கழுவ வேண்டாம், விலை ஜாஸ்தியான ஆன்டிபாடி வீணாகாது, கம்ப்யூட்டர்ல படத்தை மாத்தினா பேட்டர்ன் மாறிடும். ஸ்ட்ரிப்போட எலக்ட்ரோடுக்கு ஸ்க்ரீன் பிரிண்டிங், அதாவது துணியில டிசைன் அச்சடிக்கிற அதே முறையில கார்பன் மையை வழிச்சு விடுறது, அது இன்னும் சுலபம்.

## காயும்போது வர்ற வில்லங்கம்

சொட்டு போட்டாச்சு, காயட்டும்னு விட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைப்போம், அங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. மேஜையில காபி சொட்டு விழுந்து காய்ஞ்சா கவனிச்சிருப்பீங்க, நடுவுல வெளுத்தும் ஓரத்துல கருப்பு வளையமாவும் இருக்கும். ஆன்டிபாடி சொட்டும் அப்படியே காயும். 1997-ல சிகாகோ பல்கலைக்கழகத்துல ராபர்ட் டீகன் குழு இதுக்கு காரணத்தை சொன்னாங்க: சொட்டோட ஓரம் பரப்புல ஆணி அடிச்ச மாதிரி நின்னுடுது, ஓரத்துல தண்ணி சீக்கிரம் ஆவியாகுது, அந்த இழப்பை ஈடுகட்ட நடுவுல இருக்கிற தண்ணி ஓரத்துக்கு ஓடுது, ஓடும்போது கரைஞ்சிருக்கிறதையும் சேர்த்து இழுத்துட்டு போய் அங்க கொட்டிடுது.

சாதாரண கறையா இருந்தா பரவாயில்ல. சென்சர்ல இது நடந்தா ஒரே புள்ளிக்குள்ள ஓரத்துல ஆன்டிபாடி நெருக்கடி, நடுவுல பஞ்சம். புள்ளிக்கு புள்ளி வளையம் வேற மாதிரி விழும், அப்போ ரெண்டு சென்சர் ஒரே ரத்தத்துக்கு ரெண்டு ரிசல்ட் குடுக்கும். இதுக்கு கரைசல்ல கொஞ்சம் கிளிசரால் கலந்து மெதுவா காய வைப்பாங்க, அறையோட ஈரப்பதத்தை கட்டுப்படுத்துவாங்க, சொட்டு எவ்வளவு பரவணுங்கிறதுக்கு பரப்போட குணத்தையே முன்கூட்டி மாத்துவாங்க. பேட்டர்ன்ல விரட்டுற பகுதி இங்கயும் உதவுது, சொட்டு அதை தாண்டாம வேலி மாதிரி நிக்குது.

## நிறைய ஆன்டிபாடி போட்டா நல்ல சென்சரா?

இதுவும் அடிக்கடி கேக்குற கேள்வி. ஒரு அளவு வரைக்கும் ஆமா, அதுக்கு மேல இல்ல. கூட்டமா நெருக்கி நிக்கிற இடத்துல யாராலயும் கையை நீட்ட முடியாது. ஆன்டிபாடிக்கு ஒய் வடிவத்துல ரெண்டு கை நுனியிலதான் பிடிக்கிற இடம் இருக்கு, அது தலைகீழாவோ பக்கவாட்டிலயோ ஒட்டிக்கிட்டா கை பரப்புல மாட்டிக்கும், அந்த ஆன்டிபாடி இருந்தும் இல்லாத மாதிரிதான். அதனால வாலை மட்டும் பிடிச்சுக்கிற புரோட்டீன் ஏ, புரோட்டீன் ஜி மாதிரி இன்னொரு புரோட்டீனை அடியில வச்சு, ஆன்டிபாடியை நிமிர்த்தி நிக்க வைக்கிறாங்க.

டிஎன்ஏ சென்சர்லயும் இதே கதை. 1997-ல டோன்யா ஹெர்ன், மைக்கேல் டார்லவ் ரெண்டு பேரும், தங்கத்து மேல டிஎன்ஏ துண்டுகளை நட்ட அப்புறம் நடு நடுவுல சின்ன கந்தக மூலக்கூறை விட்டா, படுத்து கிடந்த துண்டுகள் எழுந்து நிக்கும், ஜோடி சேர வர்ற டிஎன்ஏவுக்கும் இடம் கிடைக்கும்னு காட்டினாங்க. பிடிக்கிற மூலக்கூறுக்கு பக்கத்துல இருக்கிற இடைவெளியும் டிசைன்ல ஒரு பகுதிதான், அது மில்லிமீட்டர் அளவுல கோட்டுக்கு பக்கத்துல இருக்கிற வெள்ளையா இருந்தாலும் சரி, நானோமீட்டர் அளவுல ரெண்டு டிஎன்ஏவுக்கு நடுவுல இருக்கிற இடமா இருந்தாலும் சரி.

## உடம்புக்குள்ள போற சென்சர்

ஸ்ட்ரிப் ஒரு சில நொடி வேலை செஞ்சா போதும், தூக்கி போட்டுடுவோம். தோலுக்கு அடியில 10 நாள், 14 நாள் உட்கார்ற குளுக்கோஸ் சென்சருக்கு கோட்டிங் மேல விழுற பாரம் வேற லெவல். அங்க அடுக்கடுக்கா லேயர் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனி பொறுப்பு.

பழைய வகை டிசைன்ல என்சைம் குளுக்கோஸை மாத்த ஆக்ஸிஜன் வேணும். ஆனா திசுவுல குளுக்கோஸோட ஒப்பிட்டா ஆக்ஸிஜன் ரொம்ப கம்மி, அப்படியே விட்டா ஆக்ஸிஜன் தீர்ந்து போய் சென்சர் குளுக்கோஸுக்கு பதிலா ஆக்ஸிஜனை அளந்துகிட்டு இருக்கும். அதனால வெளி லேயரை, குளுக்கோஸை கொஞ்சம் கொஞ்சமா மட்டும் உள்ள விடுற, ஆக்ஸிஜனை தாராளமா விடுற மாதிரி செய்வாங்க. சிக்னலை வேணும்னே குறைச்சு நம்பகத்தன்மையை வாங்குறாங்க, எனக்கு தெரிஞ்சு ரொம்ப புத்திசாலித்தனமான முடிவு அது. உள் லேயருக்கு வேற வேலை, விட்டமின் சி மாதிரி, எலக்ட்ரோடுல நேரா வந்து கரண்டு குடுக்கக்கூடிய பொருட்களை தடுக்கணும். விட்டமின் சி-க்கு மைனஸ் சார்ஜ் இருக்கிறதால மைனஸ் சார்ஜ் உள்ள லேயர் அதை தள்ளி விட்டுடும். பாராசிட்டமாலுக்கு சார்ஜ் இல்ல, அது நழுவி உள்ள போயிடும், அதனாலதான் சில சென்சர்ல அந்த மாத்திரை போட்டா குளுக்கோஸ் பொய்யா ஏறி காட்டும்னு எச்சரிக்கை குடுத்திருந்தாங்க. உங்க சென்சர் கையேட்டுல எந்தெந்த மருந்து ரிசல்ட்டை மாத்தும்னு ஒரு பகுதி இருக்கும், அதை தயவுசெஞ்சு படிங்க, அது கம்பெனி சம்பிரதாயத்துக்கு போட்டது இல்ல.

இது போக உடம்பு சும்மா இருக்காது. அந்நிய பொருள் உள்ள வந்தா முதல்ல புரோட்டீன் படியும், அப்புறம் எதிர்ப்பு செல்கள் வந்து சூழும், நாளாக நாளாக அதைச் சுத்தி நார் மாதிரி ஒரு உறை கட்டிடும், குளுக்கோஸ் அந்த உறையை தாண்டி வரணும். இந்த வகை சென்சரை இத்தனை நாளைக்கு மேல வச்சுக்க முடியாதுங்கிறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

## ஒரு புது கோட்டிங்கை பத்தி செய்தி வந்தா என்ன பார்க்கணும்

"ஒரு மூலக்கூறை கூட கண்டுபிடிக்கும்"னு தலைப்பு வரும். நான் முதல்ல தேடுறது, சோதிச்சது எதுலன்னு. உப்பு கலந்த சுத்தமான தண்ணியில, அதாவது பஃபர்ல சோதிச்சிருந்தா அந்த 300 கோடி ஆல்புமின் கூட்டமே அங்க கிடையாது, அது பாதி பரீட்சைதான். முழு ரத்தத்துலயோ சீரம்லயோ சோதிச்சிருந்தா மதிப்பு கூடும். அடுத்தது, தேடுற பொருளே இல்லாத சாம்பிள்ல என்ன காட்டுச்சுன்னு போட்டிருக்காங்களா, ஏன்னா வேண்டாத ஒட்டல் அங்கதான் வெளிய வரும். எத்தனை சென்சர் செஞ்சு பார்த்தாங்க, அதெல்லாம் ஒரே மாதிரி காட்டுச்சாங்கிறதும் முக்கியம், பத்துல நல்லா வந்த ஒண்ணோட படத்தை போட்டா அது கோட்டிங்கோட வெற்றி இல்ல.

கடைசியா, எத்தனை மாசம் தாங்குது. என்சைமும் ஆன்டிபாடியும் புரோட்டீன், சூடும் ஈரமும் பட்டா மடிப்பு கலைஞ்சு வேலையை விட்டுடும். காய வைக்கும்போது ட்ரெஹலோஸ்னு ஒரு சர்க்கரையை கலந்தா, தண்ணி போன இடத்துல அந்த சர்க்கரை நின்னு புரோட்டீனோட வடிவத்தை தாங்கி பிடிச்சுக்கும். ஆனா ஈரம் திரும்ப உள்ள வந்தா அந்த பாதுகாப்பு போயிடும். ஸ்ட்ரிப் பாட்டில்ல ஈரத்தை உறிஞ்சுற பொருளை உள்ளயே வச்சிருக்கிறது அதுக்குத்தான். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் மூடியை உடனே இறுக்கி மூடுங்க, பாத்ரூம்லயோ அடுப்பு பக்கத்துலயோ வைக்காதீங்க, வசதியா இருக்கும்னு ஸ்ட்ரிப்பை எடுத்து வேற டப்பாவுல மாத்தி வைக்காதீங்க.